சிசிலி டைசனை மேடையில் பார்த்தவர்கள் உண்டா?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க நடிகை சிசிலி டைசன் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் உதவி வேண்டும்.

1963இல் ‘ஈஸ்ட் சைட்/வெஸ்ட் சைட்’ தொடரில் தலைமுடியை நேராக்காமல் இயல்பான சுருளுடனே நடித்தவர். அன்றைய தொலைக்காட்சியில் ஒரு கறுப்பினப் பெண் அப்படித் தோன்ற எவ்வளவு துணிவு வேண்டும்! 1974இல் ‘தி ஆட்டோபயோகிராபி ஆஃப் மிஸ் ஜேன் பிட்மேன்’ என்ற தொலைக்காட்சிப் படத்தில் நாயகி ஜேன் பிட்மேனாக, 110 வயது மூதாட்டியாகவும் நடித்து, தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்றார். 2013இல், 88 வயதில், ‘தி டிரிப் டு பவுண்டிஃபுல்’ நாடகத்துக்காக, மேடை நாடகத்துக்கான டோனி விருது.

அந்த மேடை நடிப்பைப் பற்றித்தான் விரிவாக எழுத ஆசை. நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நியூயார்க் பொது நூலகத்தின் நாடக ஒளிப்பதிவுக் காப்பகத்தில் பதிவுகளைப் பார்த்தவர்கள், அனுமதி பெறும் முறையைத் தயவுசெய்து சொல்லுங்கள். 1963 தொடரின் பகுதிகள் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தாலும் எழுதுங்கள்.