தரவு திருட்டு உறுதியாகவில்லை: சனத்துக்கு இப்போதே சொல்ல வேண்டுமா?

குளக்கட்டு:
வன்னியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு உதவும் ஒரு நிறுவனத்தின் கோப்புகளைத் திருடிவிட்டதாக ஒரு ரான்சம்வேர் கும்பல் (கணினிக் கோப்புகளைப் பூட்டி அல்லது திருடிக் கப்பம் கேட்பவர்கள்) தன் தளத்தில் போட்டிருக்கிறது. பத்து நாள் கெடு வைத்துக் கப்பம் கேட்கிறார்கள். ஆதாரம் என்று நான்கு படங்கள். நிறுவனம் இன்னும் வாய் திறக்கவில்லை. படங்களை இணைத்திருக்கிறேன், எல்லோருக்கும் பகிருங்கள்.

பாலைமரம்:
தம்பி, முதலில் அந்தப் படங்களை எடுத்துவிடுங்கள். இரண்டாவதில் ஓர் அம்மாவின் அடையாள அட்டை இலக்கம் தெளிவாகத் தெரிகிறது. திருட்டு உண்மையோ பொய்யோ, இப்போது அதைப் பரப்புவது நாங்கள்தான்.

நான் வவுனியாவில் கணினி வலையமைப்பு வேலை செய்கிறவன். இந்தக் கும்பல்களின் பேச்சை அப்படியே நம்ப முடியாது. 2022 ஜூனில் மாண்டியன்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் கோப்புகளை எடுத்துவிட்டோம் என்றது லொக்பிட் கும்பல். கெடு முடிந்து வெளியிட்டதில் அந்த நிறுவனத்தின் கோப்பு ஒன்றும் இல்லை. 2024 ஜூனில் அமெரிக்க மத்திய வங்கியின் 33 டெராபைட் தரவை எடுத்துவிட்டோம் என்றது அதே கும்பல், வெளிவந்தது எவோல்வ் என்ற வேறொரு வங்கியுடையது.

நிறுவனம் சந்தேகமான கணினிகளை இணைப்பிலிருந்து கழற்ற வேண்டும். அவசரத்தில் அழித்துத் திரும்ப நிறுவினால் தடயமும் போய்விடும். படங்களில் உள்ள வரிகள் தங்கள் கோப்போடு பொருந்துகின்றனவா, எந்தக் காலத்துப் பிரதி என்று பார்க்க வேண்டும். கணினித் தாக்குதல்களைக் கையாளும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டுக்கும் அறிவிக்க வேண்டும். அதற்கு முன் சனத்தைக் கலக்கினால் கும்பல் கேட்ட நெருக்கடியை நாங்களே கொடுத்ததாகும்.

குளக்கட்டு:
எடுத்துவிட்டேன் அண்ணை. இலக்கத்தைக் கவனிக்கவில்லை, என் பிழைதான்.

தர்மபுரம் அக்கா:
நான் இப்படியான ஒரு நிறுவனத்தில் ஆறு வருடம் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். அந்தப் படிவங்களை என் கையால் நிரப்பியிருக்கிறேன். காணாமல் போனவரின் பெயர், கடைசியாகக் கண்ட இடம், உடுத்திருந்த உடுப்பு, உடம்பில் உள்ள தழும்பு, தாயின் தொலைபேசி இலக்கம், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே தாளில்.

2010இல் எங்கள் ஒழுங்கையில் ஓர் அம்மாவுக்கு அழைப்பு வந்தது. மகன் உயிரோடு இருக்கிறான், காசு தந்தால் காட்டுகிறோம் என்றார்கள். தோட்டை அடகு வைத்துக் கொடுத்தார். மகன் வரவில்லை. அன்று அழைத்தவனுக்கு மகனின் பெயர் மட்டும்தான் தெரியும். தழும்பையும் தெரிந்த ஒருவன் அழைத்தால் எந்தத் தாய் நம்பாமல் இருப்பாள்?

2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடமிருந்து 515,000க்கும் மேற்பட்டோரின் விபரங்கள் களவு போயின. காணாமல் போனோரும் அவர்களின் குடும்பங்களும் அதில் இருந்தார்கள். குழு தானே முன்வந்து சொன்னது.

பாலைமரம்:
அக்கா, அவர்கள் ஊடுருவலை உறுதிப்படுத்திய பிறகுதான் சொன்னார்கள். இங்கே கையில் இருப்பது நான்கு படங்கள். நாளைக்குப் பொய் என்று தெரிந்தால், அடுத்த பதிவுக்கு எந்தத் தாய் தன் கதையைச் சொல்ல வருவாள்?

தர்மபுரம் அக்கா:
நிறுவனம் மறைத்தது என்று தெரிந்தாலும் வரமாட்டாள் தம்பி. ‘திருடிவிட்டார்கள்’ என்று சொல்லச் சொல்லவில்லை. ‘திருடியதாக ஒருவர் சொல்கிறார், பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்பது உண்மைதானே? பின்லாந்தில் 2020இல் வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்தின் கோப்புகளை வைத்திருந்தவன் நோயாளிகளுக்கே எழுதி 200 யூரோ கேட்டான். நிறுவனத்துக்கு ஆராய நேரம் வேண்டும், சரி. ஆனால் அழைப்பு அந்த அம்மாவின் போனுக்கல்லவா வரும்?

குளக்கட்டு:
பேசாமல் கப்பத்தைக் கொடுத்துவிட்டால்?

பாலைமரம்:
வேண்டாம். 2024 பெப்ரவரியில் லொக்பிட்டின் சேவையகங்களைப் பிரித்தானியக் குற்றத்தடுப்பு முகமை கைப்பற்றியபோது, கப்பம் கட்டியவர்களின் தரவும் அழிக்கப்படாமல் அங்கேயே கிடந்தது.

அக்கா, போன் பற்றிச் சொன்னது சரி, அதை நான் யோசிக்கவில்லை. எச்சரிக்கையை இப்போதே கொடுக்கலாம். ஆனால் எந்தெந்த விபரம் போனது என்று ஒரு வார்த்தையும் வேண்டாம், அது ஆராய்ந்த பிறகு. அதில் நான் மாறமாட்டேன்.

தர்மபுரம் அக்கா:
படிவத்தில் என்ன இருந்தது என்று அந்தத் தாய்மாருக்கே தெரியும், சொன்னவர்களே அவர்கள்தானே. அதை மறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இருந்தாலும் எச்சரிக்கை இதற்காகத் தாமதிக்கக் கூடாது. நிறுவனத்துக்கு இதைத்தான் எழுதி அனுப்பப் போகிறேன்: ‘எங்கள் கோப்புகளை எடுத்ததாக ஒருவர் சொல்கிறார். ஆராய்கிறோம். உங்கள் பிள்ளையைப் பற்றிச் சொல்லிக் காசு கேட்டு யார் அழைத்தாலும் கொடுக்காதீர்கள், உடனே எங்களுக்குச் சொல்லுங்கள்.’

குறுஞ்செய்தியாக அனுப்பிவிட்டு இருந்தால் போதாது. பலருக்கு எழுத்து வாசிக்கக் கண் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மாதர் சங்கக் கூட்டத்தில் நிறுவனத்தின் உத்தியோகத்தரே வந்து வாசிக்க வேண்டும். அவர் வராவிட்டால் நான் வாசிப்பேன்.