கொலம்பைன் விதை முளைக்கேல்லை, என்ன பிழை விட்டனான்?

ஸ்காபரோ தோட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். பக்கத்து வீட்டு வேலியோரம் போன வருசம் மே மாசம் சிவப்பும் மஞ்சளுமா தலைகீழாத் தொங்கிற பூ ஒண்டு பூத்தது, கொலம்பைன் எண்டு சொல்லி அந்த அம்மா ஒரு கவர் விதையும் தந்தவ. நான் மார்ச் தொடக்கத்தில பயித்தை போடுற மாதிரி அரை அங்குலம் ஆழத்தில தாட்டு, ஹீட்டருக்குப் பக்கத்தில வைச்சு ஒவ்வொரு நாளும் தண்ணி தெளிச்சனான். அஞ்சு கிழமை ஆச்சு, ஒண்டும் தலை காட்டேல்லை, கூடப் போட்ட தக்காளி சாண் உயரம் நிக்குது. அவ வீட்டை வித்திட்டுப் போட்டா, திரும்பக் கேக்கவும் ஏலாது. விதை செத்துப்போச்சோ?

ஒட்டாவா அண்ணை:
சாகேல்லை தங்கச்சி, எறிஞ்சு போடாதேங்கோ. நீங்கள் சொல்லுற நிறம் ஒன்ராறியோ காடுகளில பாறை இடுக்கில தானா வளருற சாதி. கோடையில விழுற விதை பனிக்குக் கீழ ஒரு வின்டர் கிடந்துதான் முளைக்கும், ஹீட்டர் சூடு அதுக்கு உதவாது. மற்றது வெளிச்சம் வேணும், தாட்டது பிழை. மிச்ச விதையை ஈரப் பேப்பர் டவலில சுத்தி பையில போட்டு பிரிட்ஜில 6, 8 கிழமை வையுங்கோ, பிரீசரில இல்லை. பிறகு மண்ணுக்கு மேல தூவி விரலால மெல்ல அமத்தினால் போதும், மூடவே வேண்டாம். அதுக்குப் பிறகும் மூண்டு நாலு கிழமை பொறுக்கோணும்.

பனிக்காலப் பயிர்:
எனக்கு பிரிட்ஜை விட வெளியில வைக்கிறதுதான் சரிவந்தது. 4 லீட்டர் தண்ணிக் கானைப் பாதியா வெட்டி, அடியில ஓட்டை போட்டு, மண் நிரப்பி விதை தூவி, டேப் ஒட்டி மூடியைக் கழட்டிப்போட்டு டிசம்பரில முற்றத்தில விட்டிட்டன். அதுக்கு மேல பனி கொட்டி, உருகி, திரும்ப உறைஞ்சு, ஏப்ரல் கடைசியில திறந்து பார்த்தா குட்டிக் கொத்தமல்லி மாதிரி இலை, தொட்ட உடனே கண் கலங்கீட்டுது. சின்னனிலேயே பிடுங்கி நடுங்கோ, ஆணிவேர் ஆழமாப் போனா இடம் மாத்திறது கஷ்டம்.

மிசிசாகா மல்லிகை:
முதல் வருசம் இலை மட்டும்தான் வரும், பூ அடுத்த வருசம், அதுக்குள்ள மனம் விட்டிடாதேங்கோ. இலையில வெள்ளைக் கோடு கீறின மாதிரி வந்தா அது உள்ளுக்க இருக்கிற புழுவின்ரை வேலை, அந்த இலையைக் கிள்ளிப் போட்டாக் காணும், மருந்து வேண்டாம். பின்னேர வெயில் படாத இடமாப் பாருங்கோ. பூத்தா ஹம்மிங்பேர்ட் வரும், அந்தப் பூவின்ரை நீட்டு வாலுக்குள்ளதான் தேன் இருக்கு. நீலக் கொலம்பைனைக் கிட்ட வைச்சா ரெண்டும் கலந்து, அடுத்த விதையில நிறம் மாறிப்போகும்.

ஸ்காபரோ தோட்டம்:
எல்லாருக்கும் பெரிய நன்றி. கவரில பாதி விதை மிச்சம் இருக்கு, அதில கொஞ்சத்தை இப்பவே பிரிட்ஜில வைச்சிட்டன், மற்றது டிசம்பருக்கு. தாட்ட தட்டில மேல் மண்ணைச் சுரண்டி வெளியில நிழலில வைச்சிருக்கிறன். விதை கறுப்பா மினுங்கிறதால மாமி எள்ளெண்டு எடுத்திடுவா எண்டு பயம், இது சாப்பிடக்கூடாத விதை எண்டு பையில பெரிசா எழுதி ஒட்டியிருக்கிறன்.