விந்து முந்துதலுக்கு நரம்பை வெட்டிக்கொள்ளலாமா?

கேள்வி: வயது 34. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. மனைவி ஒன்றும் சொல்வதில்லை. விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். ஆணுறுப்பின் மேல்புற நரம்புக் கிளைகளை வெட்டினால் சரியாகும் என்கிறது ஒரு கிளினிக். ஒப்புதல் படிவம் மேசைமேல் கிடக்கிறது.

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், தம்பி. தென்கொரியாவில் செய்கிறார்கள்தான், ஆனால் அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் இதைப் பரிசோதனை நிலை என்றே சொல்கிறது. மரத்துப்போன உணர்ச்சி திரும்பாமலே போகலாம். நானும் இதே படிவத்தைக் கையில் பிடித்திருந்தவன். மரப்புக் களிம்பு, பட்டாணி அளவு, உறவுக்கு முன் துடைத்துவிடுவேன். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மற்றொருவர்: தைராய்டு பார்த்தீர்களா? அது மிகுந்தாலும் இப்படி ஆகும். விந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தும் டாபோக்செட்டின் மாத்திரையும் உண்டு. மருத்துவர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள்.

கேட்டவர்: தைராய்டு பார்க்கவே இல்லை, அண்ணா. நாளை காலை ரத்தம் கொடுக்கிறேன்.