ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடா?

குன்னூர் ஓட்டுநர்:
வணக்கம். மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் இடையே சொந்தமாகப் பெட்ரோல் டாக்ஸி ஓட்டுகிறேன். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் என்கிறாள். ஒரு லிட்டரின் எடையே முக்கால் கிலோதான். போட்டதைப் போல மூன்று மடங்கு எப்படி வெளியே வரும்? தவிர, என் வண்டி புகைச் சோதனையில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர், உதகை:
உங்கள் மகளின் கணக்கு சரிதான் ஐயா. மிகுதி எடை காற்றிலிருந்து வருகிறது. பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் இணைந்த பல சேர்மங்களின் கலவை. ஒரு லிட்டர் ஏறக்குறைய 740 கிராம் இருக்கும். அதில் கார்பன் மட்டும் சுமார் 640 கிராம். சிலிண்டருக்குள் தீப்பொறி பட்டதும் ஒவ்வொரு கார்பன் அணுவும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பற்றிக்கொள்கிறது. கார்பனின் அணு எடை 12, இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கு 32, ஆக மொத்தம் 44. எனவே 12 கிராம் கார்பன் எரிந்தால் 44 கிராம் வாயு உண்டாகும். 640 கிராமுக்குக் கணக்கிட்டால் 2.3 கிலோவுக்குச் சற்று மேலேயே வரும். (பெட்ரோல் பங்க்கில் இப்போது எத்தனால் கலந்து தருவதால் இந்த எண் கொஞ்சம் குறையும்.)

ஹைட்ரஜன் நீராகிறது. மார்கழிக் காலையில் வண்டியைக் கிளப்பியதும் சைலன்ஸரிலிருந்து வெள்ளையாக எழுந்து, சொட்டுச் சொட்டாக வடிவது பெரும்பாலும் அந்த நீர்தான்.

கோத்தகிரி மெக்கானிக்:
புகைச் சோதனையைப் பற்றி நான் சொல்கிறேன். பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடும் எரியாமல் தப்பிய ஹைட்ரோகார்பனும் வரம்புக்குள் இருக்கின்றனவா என்றே அங்கு பார்க்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடுக்கு வரம்பு கிடையாது. சைலன்ஸர் குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அந்த மோனாக்சைடையும் டை ஆக்சைடாகவே மாற்றி அனுப்புகிறது. ஆகவே நன்றாக எரியும் எஞ்சினிலும் கார்பன் முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறிக்கொண்டுதான் இருக்கும்.

குன்னூர் ஓட்டுநர்:
நன்றி ஐயா, இப்போது விளங்குகிறது. உதகையில் காற்றின் அடர்த்தி குறைவு என்கிறார்களே, அங்கே இந்த வாயுவும் குறைவாக வருமா?

ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர், உதகை:
லிட்டருக்கு வரும் அளவு மாறாது. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவதால், சென்சார் அதை உணர்ந்து பெட்ரோலையும் குறைத்தே செலுத்துகிறது. வண்டி இழுக்கத் தயங்குவது அதனால்தான். உண்மையான செலவு ஏற்றத்தில் இருக்கிறது. 1,200 கிலோ எடையுள்ள காரை மேட்டுப்பாளையத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் மேலே தூக்க வேண்டும். எரிபொருளின் ஆற்றலில் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொண்டால், தூரத்துக்கு ஆகும் பெட்ரோல் போக, உயரத்துக்கு மட்டுமே இரண்டரை லிட்டருக்கு மேல் எரியும். அதாவது சுமார் 6 கிலோ வாயு.

கோத்தகிரி மெக்கானிக்:
இறக்கத்தில் அதில் கொஞ்சம் மீளும், ஆனால் நியூட்ரலில் விட்டால் அல்ல. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் எரியும். பிரேக்கும் சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கினால், இன்ஜெக்டர் உள்ள வண்டிகளில் எரிபொருள் பெரும்பாலும் நின்றுவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றும்.