பதில்: ரொறன்ரோவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு உண்மையில் எத்தனை மணித்தியாலம்?

அன்பின் உறவுகளே,

தேருக்குப் போகிற தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: இணையத்தில் பார்த்தால் 17½ மணித்தியாலம் என்கிறது, ரிக்கெற் போடுகிறவர் 22, 26 என்கிறார், யார் சொல்வது சரி? இரண்டு பேரும் சரிதான் தம்பி.

இணையத்தில் இருப்பது வெறும் வகுத்தல் கணக்கு. ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்துக்கும் கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் இடையில் மிகக் குறுகிய பாதை ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். மணிக்கு 800 என்று வகுத்தால் 17½. ஆனால் நேரே போகிற விமானம் ஒன்றும் கிடையாது. பேத்தியின் பூமிப்பந்தில் நூல் பிடித்துப் பார்த்தேன். கிரீன்லாந்தைக் கடந்து, நோர்வேயின் வடக்கே ரொம்சோ பக்கமாகப் போய், பிறகு ருசியா, கசகஸ்தான், ஆப்கானிஸ்தான் என்று இறங்குகிறது. அந்தக் காலத்தில் வட நோர்வேயில் மீன் தொழிற்சாலைக் குளிரில் நின்ற எங்கள் ஆட்களுக்கு இது பகிடியாக இருக்கும். கனடாவிலிருந்து ஊருக்குக் குறுக்குப் பாதை அவர்களின் தலைக்கு மேலால்தான்! அதிலும் 2022 இலிருந்து கனடிய விமானங்களுக்கு ருசிய வான்வெளி மூடியாயிற்று.

சரி, சுற்றிப் போனால் எவ்வளவு கூடும்? நானும் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். லண்டன் வழியாக 14,400, டுபாய் வழியாகவும் கிட்டத்தட்ட அதே. கூடுவது 400 கிலோமீற்றர்தான், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற தூரம். பறக்கிற நேரமும் அப்படித்தான்: லண்டனுக்கு ஏழு மணித்தியாலம், அங்கிருந்து கொழும்புக்குப் பத்தேமுக்கால். மிச்சமெல்லாம் ரான்சிற்றில் கதிரையில் குந்தியிருக்கிற நேரம். அதற்காக ஒன்றரை மணித்தியால இடைவெளியில் ரிக்கெற் போடாதீர்கள். முதல் விமானம் கொஞ்சம் சுணங்கினாலும் ஆள் போய்விடும், பொதி நின்றுவிடும். மூன்று, நான்கு மணித்தியாலம் நல்லது. திரும்பி வரும்போது மேல்காற்று எதிரே அடிக்கும். டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் போலக் கூட எடுக்கும்.

எல்லாரும் பிழை விடுவது நாள் கணக்கில். கோடையில் இலங்கை எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் முன்னால். வெள்ளி இரவு 9 மணிக்கு ஏறினால், 22 மணித்தியாலப் பயணத்துக்குப் பிறகு நீங்கள் இறங்குவது ஞாயிறு அதிகாலை 4:30. சனிக்கிழமை எங்கே போனது என்று தெரியாது. ஒருமுறை இதைச் சரியாக எண்ணாமல், தேருக்கு என்று வெளிக்கிட்டு, தேர் முடிந்து தீர்த்தத்தன்று மத்தியானம் ஊரில் இறங்கினேன். கோயில் வீதியில் கச்சான் கடைக்காரர் சாக்கு மடித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து கொடியேற முதலே ஊரில் நிற்கிற மாதிரித்தான் ரிக்கெற்.

கட்டுநாயக்காவில் இறங்கிய பிறகும் யாழ்ப்பாணத்துக்கு வான் வண்டியில் ஏழெட்டு மணித்தியாலம் இருக்கிறது. அதுதான் உண்மையில் இடுப்பை முறிப்பது. 2019 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துப் பலாலி, சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பிறகு சென்னை வழி ஒன்றும் உண்டு. 350 கிலோமீற்றர் சொச்சம், ஒன்றேகால் மணித்தியாலம். ஆனால் சின்ன விமானம், பொதி நிறையை முதலே கேளுங்கள். இரண்டு தனி ரிக்கெற் என்றால் சென்னையில் வெளியே வந்து ஏற வேண்டும், கனடா பாஸ்போட்டுக்கு இந்திய விசாவும் வேண்டும்.

நான் கட்டுநாயக்கா வழிதான். கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிறு விடிய இறங்குகிறவர்கள் இருந்தால் இந்த மடலுக்கே பதில் போடுங்கள், ஒரு வானாகப் பிடிப்போம்.