மருந்தெதிர்ப்பா, மருந்துமீறுதிறனா?

மருத்துவக் கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காமல் மருத்துவமனைகளில் பரவும் பாக்டீரியாக்களின் அந்தத் தன்மையை, ஆங்கிலத்தில் ‘ரெசிஸ்டன்ஸ்’ எனப்படுவதை, குறிக்க ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று உங்களில் பலர் எழுதியிருக்கிறீர்கள். நாளிதழ்களில் அச்சொல் ஏறிவிட்டது என்பது உண்மைதான். ஆயினும் அந்தத் தொகைச்சொல்லைச் சற்று விரித்துப் பாருங்கள். நுண்ணுயிரை எதிர்த்தல் என்று இரண்டாம் வேற்றுமையில் விரித்தால் அது மருந்தின் வேலையைச் சொல்கிறது. நுண்ணுயிரின் எதிர்ப்பு என்று ஆறாம் வேற்றுமையில் விரித்தால் கிருமியின் வேலையைச் சொல்கிறது. நேர் எதிரான இரண்டு பொருள்களுக்கு இடந்தரும் ஒரு சொல்லைக் கலைச்சொல் என்று நாம் பரிந்துரைக்கலாகாது. இதைச் சரிசெய்யச் சிலர் முன்வைத்த ‘நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு’ இலக்கணப்படி பிழையற்றது. ஆனால் அதை ஒரு செவிலியர் பணிமாற்றத்தின்போது வாய்விட்டுச் சொல்வார் என்று நான் நம்பவில்லை.

இதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. ‘எதிர்ப்பு’ என்ற சொல்லை நோயெதிர்ப்பு ஆற்றலுக்கு நாம் எப்போதோ கொடுத்துவிட்டோம். நோயாளிகளின் உறவினர்களுக்கான ஒரு துண்டறிக்கையை அண்மையில் பிழைதிருத்தினேன். அதில் ‘எதிர்ப்புத்திறன் வளர்ந்துவிட்டதால் மருந்து மாற்றப்படுகிறது’ என்ற வரியைப் படித்த ஒருவர், நோயாளியின் உடல் தேறிவிட்டதாக எண்ணி மகிழ்ந்தார். அவரைக் குறைசொல்ல முடியாது. வரி அப்படித்தான் பொருள் தருகிறது. எதிர்க்கும் ஆற்றல் கிருமிக்குரியது, உடலுக்குரியதன்று என்பதைச் சொல்லே காட்டியாக வேண்டும். பிறந்து சில நாள்களே ஆன, அதுவரை ஒரு சொட்டு மருந்துகூடப் பெறாத குழந்தைக்கும் மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற பாக்டீரியா குருதியில் தொற்றுகிறது. பலர் சொல்வதுபோல் அந்தக் குழந்தையின் உடலுக்கு எந்த மருந்தும் ‘பழகிப்போகவில்லை’. பெனிசிலின் பரவலான மருத்துவப் பயன்பாட்டுக்கு வருமுன்னரே, 1940-இல், அதைச் சிதைக்கும் நொதி ஒன்று பாக்டீரியாவில் இருப்பதை ஆய்வாளர்கள் ஆபிரகாமும் செயினும் அறிவித்துவிட்டார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

‘மருந்துத்தடை’ என்ற பரிந்துரையும் வந்திருக்கிறது. மின்னியலில் அதே ஆங்கிலச் சொல்லுக்கு வழங்கும் மின்தடையை முன்மாதிரியாகக் கொண்டால் அது பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் நுண்ணுயிரியலில் ‘தடை’ வேறோரிடத்தில் வேலைசெய்துகொண்டிருக்கிறது. கிருமியின் வளர்ச்சியை நிறுத்தப் போதுமான மிகக் குறைந்த மருந்துச் செறிவைக் குறைந்தபட்சத் தடைச் செறிவு என்கிறோம். வளர்தட்டில் மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காத வட்டத்தைத் தடை வளையம் என்கிறோம். அங்கே தடுப்பது மருந்து. அதே சொல்லைக் கிருமியின் தலையிலும் வைத்தால், ‘தடை கூடியிருக்கிறது’ என்ற ஆய்வக வரியை இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகப் படிப்பார்கள்.

பேச்சு வழக்கில் இதற்கு அருமையான ஒரு வினை இருக்கிறது: ‘இந்த மருந்துக்கு இருமல் கேட்கவில்லை.’ இதிலிருந்து ‘மருந்து கேளாமை’ என்று ஆக்கலாமே என எனக்கும் ஆசைதான். ஆனால் கேளாமை என்றதும் காது நினைவுக்கு வருகிறது. மருந்து உட்கொண்டதால் செவிப்புலன் போனதாகவே படிப்பார்கள். அமிக்காசின் போன்ற மருந்துகள் உண்மையிலேயே செவியைக் கெடுக்கக்கூடியவை என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். மனமில்லாமல்தான் அதை விட்டுவிடுகிறேன்.

என் பரிந்துரை ‘மருந்துமீறுதிறன்’. கிருமி மருந்தை மீறும் வழிகள் பல: பீட்டாலாக்டமேஸ் போன்ற நொதியால் மருந்தை உடைக்கலாம், உள்ளே வந்ததை வெளியே இறைத்துவிடலாம், மருந்து பற்றவேண்டிய புரதத்தையே மாற்றிக்கொள்ளலாம். இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது, மருந்து இருக்கும்போதே கிருமி வளர்கிறது என்பதுதான். ஆய்வகமும் இதையே அளக்கிறது: தடைச் செறிவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் அந்தக் கிருமிக்கு அம்மருந்து உதவாது என்று எழுதுகிறது. வரம்பை மீறுதல் என்பது இங்கே உருவகமன்று, நேரடி அளவீடு.

சொல் கிளைக்கிறதா என்றும் பார்த்தேன். கிருமியை ‘மருந்துமீறி’ எனலாம். கொல்லி, எதிரொலிப்பி போன்ற ஆக்கங்களோடு அது இயல்பாகச் சேர்கிறது. ‘மருந்துமீறு மரபணு’ வினைத்தொகையாக நிற்கும். அந்த மரபணு, பாக்டீரியாக்களுக்கிடையே கைமாறும் சிறு டி.என்.ஏ. துண்டான பிளாஸ்மிடில் ஏறி ஓர் இனத்திலிருந்து வேறோர் இனத்துக்குத் தாவுவதைச் சொல்லும் இடங்களில் இது கைகொடுக்கும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்து வகைகளுக்கு அடங்காததைப் பன்மருந்துமீறி என்றும், ஓரிரு வகைகளுக்கு மட்டுமே அடங்குவதை மிகுமருந்துமீறி என்றும், எதற்கும் அடங்காததை முழுமருந்துமீறி என்றும் படிப்படியாகச் சொல்லலாம்.

ஒரு மறுப்பை நானே முன்வைக்கிறேன். ‘மருந்துமீறல்’ என்று சுருக்கினால் விதிமீறல்போல, நோயாளி மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாத குற்றமாக ஒலிக்கும். இது சிறிய பிழையன்று. உலக நலவாழ்வு அமைப்பின் 2022 அறிக்கைப்படி, உடனடிக் குறுகியகாலச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் சேரும் நூறு பேரில் செல்வ நாடுகளில் 7 பேருக்கும், குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே ஒரு தொற்றாவது ஏற்படுகிறது. கைகழுவ நீர் போதாத கூடமும், பல படுக்கைகளை ஒருவரே பார்க்கும் செவிலியர் பற்றாக்குறையும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்சோதனையின் முடிவு வருமுன் கைக்கு எட்டிய வலுவான மருந்தைக் கொடுக்கும் கட்டாயமும் உண்டாக்கியதை, வடிகுழாயோடு படுத்திருப்பவரின் ஒழுங்கீனம் ஆக்கிவிடக்கூடாது. ஆகவே ‘மீறல்’ என்ற வடிவத்தை விலக்கி, ‘திறன்’ ஈற்றைக் கட்டாயமாக்கலாம் என்பது என் கருத்து. இறப்புகளின் எண்ணிக்கையைத் தமிழில் எழுதும்போதும் இந்தக் கவனம் தேவை. 2019-இல் மருந்துமீறுதிறனே நேரடிக் காரணமாக இறந்தவர்கள் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் என்றும், அதனோடு தொடர்புடைய இறப்புகள் 49.5 இலட்சம் என்றும், விகிதம் மிக அதிகமாக இருந்தது மேற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். ‘காரணமான’, ‘தொடர்புடைய’ என்ற இரண்டையும் ஒன்றாக்கிவிட்ட கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவமனையில் ஏற்படும் தொற்றுக்கு ‘மருத்துவமனைவழித் தொற்று’ என்பதை ஏற்கிறேன். சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பின் தோன்றுவது என்ற வழக்கமான வரையறையைச் சேர்த்தால் போதும். மருந்தை உடைக்கும் என்டிஎம்-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டாலாக்டமேஸ்-1) என்ற நொதியின் பெயரில் உள்ள புதுதில்லியை மொழிபெயர்ப்பதா என்று ஒருவர் கேட்டிருந்தார். 2008-இல் சுவீடனில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியில் அது கண்டறியப்பட்டு, அவர் முன்னர் சிகிச்சை பெற்ற நகரத்தின் பெயரைப் பெற்றது. புதிய நோய்களுக்கு ஊர்ப்பெயர் இடவேண்டாம் என்று உலக நலவாழ்வு அமைப்பு 2015-இல் அறிவுறுத்தியது; நொதியை அது கட்டுப்படுத்தாது என்றாலும், தமிழில் எழுத்துச் சுருக்கமாகவே விட்டுவிடுவோம்.

ஒன்று மட்டும் எனக்கு முடிவாகவில்லை. தடைச் செறிவு உயராமலே, மருந்தில் மெதுவாகச் சாகும் கிருமிகள் உண்டு. அவற்றின் தன்மையை ‘மருந்துதாங்குதிறன்’ எனலாம். 1944-இல் பிகர் என்ற ஆய்வாளர் கண்ட, பெனிசிலினில் பெரும்பாலானவை மடிந்தபின்னும் உயிரோடு மிஞ்சும் சிலவற்றை ‘எஞ்சிகள்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். தாங்குதிறனும் மீறுதிறனும் படிப்பவர் மனத்தில் தெளிவாகப் பிரியுமா என்பதை, ஆய்வகத்தில் பணிபுரியும் உறுப்பினர்கள் சொன்னால் பட்டியலைத் திருத்தி அனுப்புகிறேன்.