புதுப்பிப்பு: பட்டுக்கோட்டை பக்கம் குறுங்காட்டுக்குப் போயிட்டு வந்தாச்சு

கஜா புயலுக்கப்புறம் வெச்ச குறுங்காட்டுல புள்ளைங்களோட நடக்கலாமா, நிழல் இருக்குமானு கேட்டிருந்தேன்ல, தாராளமா போகலாம். 2018 நவம்பர் புயல்ல தென்னையெல்லாம் சாஞ்சு வெட்டவெளியா கெடந்த எடம், இப்ப நாவல், புங்கன், நீர்மருது, இலுப்பைனு நம்மூர் மரமா மியாவாக்கிங்கிற ஜப்பான் முறையில நெருக்கி வெச்சிருக்காங்க, வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுக்கிட்டு பக்கவாட்டுல விரியாம மேல மேல போகுது, அதனால நிழல் சூப்பர், ஆனா ஒத்தையடிப் பாதைதான். சீக்கிரமே சுத்தி முடிஞ்சிருது, அப்படியே புது ஆத்துக் கரையில, அதான் கல்லணைக் கால்வாய், காலாற நடந்தோம், மேட்டூர் தண்ணி வந்துருச்சு, கரை பூரா கொக்கும் மீன்கொத்தியும். பாம்பு இருக்குமானு கேட்ட அண்ணே, எங்க கண்ணுல படல, ஆனா சருகு நெறைய கெடக்கு, ஷூ போட்டுக்கங்க. கடை எதுவும் இல்ல, தண்ணி எடுத்துட்டுப் போங்க, பாட்டில அங்கேயே போட்டுட்டு வந்துராதீங்க.